வாசல் கேமராவும் சிவப்புப் பெட்டியும்

ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கம் போனால், வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய வீடு எது என்று யாரும் காட்டித் தர வேண்டியதில்லை. முன்பெல்லாம் மாடிக் கைப்பிடிச் சுவரின் வேலைப்பாட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் கேமரா சொல்லிவிடுகிறது. சிங்கப்பூரில் வேலை முடிந்து அறைக்கு வந்த மகன் செல்போனைத் திறந்தால், தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறதா, அம்மா திண்ணையில் இருக்கிறாரா, வாசலில் நிற்பது யார் வண்டி என்று எல்லாம் தெரிந்துவிடும். நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படம் கடல் தாண்டிப் போவதற்காக, கேமரா மாட்ட வந்தவர் வீட்டு ரவுட்டரில் ஏதோ ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருப்பார். என்ன செய்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

ஃபயர்வால் எச்சரிக்கைகளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு ஏன் கேமராவில் ஆரம்பிக்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

கீரமங்கலம் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எனக்குப் பாடம் எடுத்தவர் இல்லை. ஊருக்கே சார் என்பதால் எனக்கும் சார். ஒருநாள் காலையில் போன் அடித்தார்.

"தம்பி, எவனோ நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வரப் பாக்குறான்ப்பா. ராத்திரியில இருந்து சிவப்புப் பொட்டியா வந்துக்கிட்டே இருக்கு. நெதர்லாந்துன்னு போட்டுருக்கு. எனக்கு நெதர்லாந்துல யாருமே இல்லையே!"

"பொட்டியில வேற என்ன சார் போட்டிருக்கு?"

"அன்ஆத்தரைஸ்டு கனெக்‌ஷன் அட்டெம்ப்ட். அதுக்குக் கீழ பிளாக்டு. நான் வயரையே புடுங்கிட்டேன். பென்ஷன் கணக்கெல்லாம் அதுலதான் பாக்குறேன்."

சார் செய்தது தப்பே இல்லை. சந்தேகம் வந்தால் நெட் வயரைப் பிடுங்குவது, வைஃபையை அணைப்பது, இரண்டும் நல்ல முதலுதவி. ஆனால் அந்தப் பெட்டியில் அவர் படித்த இரண்டு வரியில் முதல் வரி அவரைப் பயமுறுத்தியது. இரண்டாவது வரி கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை. பிளாக்டு என்றால் தடுத்தாயிற்று. வேலை முடிந்துவிட்டது. பெட்டிக்குச் சிவப்பு நிறம் பூசியதும், ஆபத்துக் குறியைப் பெரிதாகப் போட்டதும், பணம் கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் சும்மா இருக்கவில்லை என்று நமக்குக் காட்டுவதற்காக என்றுதான் நான் நினைக்கிறேன். விண்டோஸோடு வரும் ஃபயர்வால் இப்படிப் பீற்றிக்கொள்வதில்லை. வெளியிலிருந்து வருவதை அது சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். பதிவு வேண்டுமென்றால் கூட நாமாகப் போய் அந்த வசதியை இயக்க வேண்டும்.

சரி, நெதர்லாந்துக்காரருக்குக் கீரமங்கலத்தில் என்ன வேலை?

உங்களுக்கும் வந்திருக்கும்: "சார், பர்சனல் லோன் வேணுமா?" என்று ஒரு அழைப்பு. அந்தப் பெண்ணுக்கு உங்களைத் தெரியாது. உங்கள் எண்ணுக்கு முன் எண்ணையும் பின் எண்ணையும் அவருடைய இயந்திரம் வரிசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே வரும். எடுப்பவர் கிடைத்தால் பேச்சு, இல்லாவிட்டால் அடுத்த எண். இணையத்திலும் நடப்பது இதுதான். பழைய பாணி ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் கணினிக்கு அது ஒரு எண்ணிக்கையே இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் இசட்மேப் என்றொரு மென்பொருளை வெளியிட்டார்கள். நல்ல வேகமான இணைப்பு இருந்தால், ஒரே ஒரு கணினியிலிருந்து முழு இணையத்தையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று செய்து காட்டினார்கள். நாம் குளித்துச் சாப்பிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் உலகத்தின் எல்லா முகவரிகளையும் ஒருவர் தட்டி முடித்திருப்பார். தட்டுபவர்களில் ஆராய்ச்சிக்காரர்களும் உண்டு. 2009லிருந்து இயங்கும் ஷோடன் என்ற தேடுபொறிக்குத் தொழிலே, எந்த முகவரியில் எந்தக் கருவி பதில் சொல்கிறது என்று பட்டியல் போடுவதுதான். மற்றவர்கள் திருடர்கள், திருடர்கள் ஏவிவிட்ட நிரல்கள்.

ஆக, நேரடியாக இணையத்தைப் பார்த்து நிற்கும் எந்தக் கருவிக்கும், அது நாசாவில் இருந்தாலும் நார்த்தாமலையில் இருந்தாலும், நாள் முழுக்கத் தட்டல் வந்துகொண்டேதான் இருக்கும். யார் தட்டினார் என்று ஆராய்வதில் பெரிய பயனில்லை. எந்த எண்ணைத் தட்டினார் என்று பார்த்தால் கொஞ்சம் விஷயம் கிடைக்கும்.

ஒரு கணினியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு போர்ட் எண் உண்டு. 65,535 வரை போகும். தட்டுபவர்கள் எல்லாவற்றையும் தட்டுவதில்லை. எங்கே பழைய ஓட்டை இருந்ததோ அங்கேதான் கை போகும். 135ஐத் தட்டினால் அது 2003 ஆகஸ்டின் நினைவு. பிளாஸ்டர் என்றொரு புழு அந்த வழியாக வந்தது. அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம்: திடீரென்று ஒரு சின்னப் பெட்டி வந்து, 60 நொடியில் கணினி அணைந்துவிடும் என்று எண்ணிக்கை ஓடும். மெயில் பாதி டைப் அடித்திருப்போம். கடைக்காரர் நம்மை முறைப்பார், நாம் அவரை முறைப்போம். அந்த வருடத்துப் பாடத்தில்தான் 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2ல் மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி வைத்தது. அதற்கு முன்பும் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது. அணைத்து வைத்திருந்தார்கள்.

445ஐத் தட்டினால் அது கோப்புகளைப் பகிரும் வழி. 2017 மே 12ல் வான்னாக்ரை பரவியது இதன் வழியாகத்தான். சென்னை ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலை பாதிக்கப்பட்டது, ஆந்திரக் காவல் நிலையங்களில் கணினிகள் பூட்டிக்கொண்டன. வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாகப் பலர் அதைப் போடவில்லை, அவ்வளவுதான். 23 என்றால் டெல்நெட்; கேமரா, ரவுட்டர் போன்ற சின்னக் கருவிகளுக்கான தேடல். 3389 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். இங்கிருந்தபடி அங்கே இருக்கும் கணினியை இயக்கும் வசதி.

சாருக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் 3389. அதைக் கேட்டதும்தான் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

ஏனென்றால் அந்தப் பெட்டி அவர் கணினிக்கு வந்திருக்கவே கூடாது. வீட்டில் ரவுட்டர் இருக்கிறது. வெளியுலகத்துக்குத் தெரிவது ரவுட்டரின் ஒரே ஒரு முகவரி. உள்ளே இருக்கும் கணினி, டிவி, செல்போன்களுக்கெல்லாம் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்தான். வெளியிலிருந்து கேட்காமல் வரும் ஒரு தட்டலை இவர்களில் யாருக்குக் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது, கீழே போட்டுவிடும். நாமாக ஒரு தளத்தைத் திறந்தால் அதற்கான பதிலை மட்டும் சரியான ஆளிடம் சேர்க்கும். அப்படியிருக்க, நெதர்லாந்திலிருந்து வந்த தட்டல் சாரின் படிப்பறை மேசை வரை எப்படி வந்தது? ரவுட்டர் ஏன் வழி விட்டது?

போய்ப் பார்த்தேன். ஆன்டிவைரஸின் ஃபயர்வால் பதிவைத் திறந்தால் நீளமான பட்டியல். ஒரு வரியை மட்டும் எடுத்துச் சாருக்குப் படித்துக் காட்டினேன். முதலில் நேரம், அதிகாலை மூன்றே காலுக்கு. அடுத்து டிசிபி, அதாவது பேச்சு வகை. அடுத்து வந்தவரின் முகவரி. அவர் பக்கத்துப் போர்ட் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஏதோ ஒரு எண், அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, அந்தந்த நேரத்துக்கு எடுத்துக்கொள்வது. கடைசியில் நம் முகவரி 192.168.1.10, நம் போர்ட் 3389, தடுக்கப்பட்டது. அடுத்த வரி வேறு நாடு, அதே 3389. அதற்கடுத்தது 23. பிறகு 445. ஒரே ஆள் குறிவைத்து வந்தால் இப்படி இருக்காது. ஆளுக்கு ஒரு பக்கமாக வந்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

சாரின் கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் அணைந்தே இருந்தது. ஃபயர்வால் இல்லாவிட்டாலும் அந்தத் தட்டலுக்குப் பதில் கிடைத்திருக்காது. ஆனால் இயங்குதளம் விண்டோஸ் 7. 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இது அபூர்வமில்லை. 2011ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன, வந்த நாளில் இருந்த அதே மென்பொருளோடு.

அடுத்து ரவுட்டர். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அச்சாகி இருந்தன. பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டு, சீட்டில் இருந்ததையே அடித்தேன். திறந்துகொண்டது. வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குள் நேட், அதற்குள் டிஎம்இசட் என்று ஒரு பக்கம். அதில் டிக் போட்டு, எதிரே 192.168.1.10 என்று எழுதியிருந்தது.

டிஎம்இசட் என்ற அந்தக் கட்டத்தில் ஒரு உள்வீட்டு எண்ணை எழுதினால், ரவுட்டருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாருக்கு என்று தெரியாமல் வெளியிலிருந்து எது வந்தாலும், 65,535 போர்ட்டில் எதைத் தட்டினாலும், எல்லாவற்றையும் இவரிடம் அனுப்பிவிடு.

"சார், இது யார் போட்டது?"

"அது கேமராக்காரத் தம்பி. பய சிங்கப்பூர்ல இருந்து பாக்கணும்னான். இவரு வந்து அரை மணி நேரம் தட்டிக்கிட்டிருந்தாரு, அப்புறம் படம் தெரிஞ்சிருச்சு."

"அந்தக் கேமராப் பெட்டி எங்க?"

"அது போன ஐப்பசியில இடி விழுந்து போச்சேப்பா. இப்ப மாட்டிருக்கறது வேற, வைஃபை கேமரா."

கதை மொத்தமும் இந்த இரண்டு பதிலில் இருக்கிறது. கேமராப் பதிவுப் பெட்டியை, அதாவது டிவிஆரை, வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் அதற்குரிய ஒன்றிரண்டு போர்ட்டை மட்டும் ரவுட்டரில் திறந்துவிட்டால் போதும். எது என்று தேடிப் பிடித்து எழுத வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிஎம்இசட் போட்டால் ஒரே டிக்கில் வேலை முடியும். வெயிலில் ஏணியில் ஏறி நான்கு கேமரா மாட்டி, வயர் இழுத்து, இன்னொரு வீட்டுக்கும் போக வேண்டிய ஒருவர் எதைச் செய்வார்? அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. டிவிஆருக்கு .10 என்ற எண்ணைக் கொடுத்து, எல்லாவற்றையும் அங்கே திருப்பிவிட்டார். படம் தெரிந்தது. பெட்டி இடியில் போனது. புதிதாக மாட்டிய வைஃபை கேமரா தானாகவே தன் கம்பெனி சர்வரோடு பேசிக்கொள்ளும் வகை. அதற்கு ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதே இல்லை. பழைய டிக் மட்டும் அப்படியே கிடந்தது. அந்த எண்ணில் யாரும் இல்லாததால் தொந்தரவும் இல்லை.

பிறகு மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தினார்கள். சாயங்காலம் கரண்ட் வந்து ரவுட்டர் உயிர்பெற்றதும் வீட்டுக் கருவிகளுக்கு எண்களைப் புதிதாகப் பங்கிட்டது. காலியாக இருந்த .10 சாரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று ராத்திரியிலிருந்து உலகத்தின் தட்டல் முழுவதும் அவர் மேசைக்கு.

டிக்கை எடுத்தேன். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் மிச்சமிருந்ததையும் அழித்தேன். உள்ளே இருக்கும் கருவிகள் கேட்டால் நம்மைக் கேட்காமலே வழி திறந்துவிடும் யுபிஎன்பியை அணைத்தேன். விளையாட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது கொஞ்சம் சண்டை கிளப்பும், சார் வீட்டில் அப்படி யாரும் இல்லை. வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றி, சார் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொன்னேன். பாஸ்வேர்டைத் தாளில் எழுதக் கூடாது என்பார்கள். கீரமங்கலத்து அலமாரிக்குள் இருக்கும் நாட்குறிப்பை நெதர்லாந்துக்காரர் படிக்க முடியாது. கடைசியாக, ஷீல்ட்ஸ்அப் என்ற பழைய இணையச் சோதனையை ஓடவிட்டேன். ஸ்டீவ் கிப்சன் என்பவர் பல வருடமாக இலவசமாக நடத்துவது. வெளியிலிருந்து நம் முகவரியைத் தட்டி, போர்ட் திறந்திருந்தால் சிவப்பு, மூடியிருந்தால் நீலம், பதிலே சொல்லாவிட்டால் பச்சை என்று கட்டம் கட்டமாகக் காட்டும். பக்கம் முழுக்கப் பச்சை. சாருக்கு அதுதான் பிடித்திருந்தது. விடைத்தாள் திருத்தியவர் அல்லவா, முழு மதிப்பெண் பார்த்தால் முகம் மலரத்தான் செய்யும்.

கொஞ்ச நேரத்தில் பதிவில் மறுபடி இரண்டு வரி. சார் முகம் மாறிவிட்டது. "தம்பி, இவன் 192.168ன்னு நம்ம வீட்டு நம்பர்லயே வர்றானே. உள்ளயே பூந்துட்டானா?"

"சார், அது உங்க டிவி."

உள்வீட்டு எண்ணிலிருந்து வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். ஸ்மார்ட் டிவி, பிரிண்டர், செல்போன் எல்லாம் 'யாராவது இருக்கிறீர்களா' என்று அடிக்கடி வீடு முழுக்கக் கூவும். 1900, 5353 என்ற போர்ட்டுகளில் யுடிபி வகையில் வந்தால் அந்தக் கூவல்தான் என்று விட்டுவிடலாம். எந்தக் கருவி என்று தெரியாவிட்டால் ரவுட்டரில் இணைந்திருப்பவர்கள் பட்டியலைத் திறந்து பெயரைப் பார்க்கலாம். அதிலும் அடையாளம் தெரியாத ஒருவர் இருந்தால், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்த வைஃபை பாஸ்வேர்டு தெரு முழுக்கப் போயிருக்கும், மாற்றிவிடுங்கள். இன்னொரு வகை உண்டு: வந்தவர் பக்கத்துப் போர்ட் 443 என்று இருக்கும். அது பெரும்பாலும் நாம் பார்த்த இணையதளத்தின் பதில், தாமதமாக வந்து சேர்ந்தது. நாம் பக்கத்தை மூடிவிட்டோம், ஃபயர்வாலும் கணக்கை முடித்துவிட்டது, பிறகு வந்தவரை அந்நியர் என்று தள்ளிவிடுகிறது.

உங்கள் வீட்டு ரவுட்டருக்கு வெளியிலிருந்து தட்டல் வர வாய்ப்பே இல்லாமலும் இருக்கலாம். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN) முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், இணைப்புக் கொடுப்பவரே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள். முகவரிப் பஞ்சத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. பாதுகாப்பு அதில் இலவச இணைப்பு. கேமராக்காரர்கள் டிஎம்இசட்டை விட்டுவிட்டுக் கம்பெனி சர்வர் வழிக்கு மாறியதற்கும் இது ஒரு காரணம், ஏனென்றால் இந்த இணைப்பில் டிஎம்இசட் போட்டாலும் படம் வராது. புதிய பாணி முகவரியான ஐபிவி6 வேறு கதை. அதில் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைக்கும். எண்கள் கணக்கில்லாமல் இருப்பதால் வரிசையாகத் தட்டிப் பார்க்க முடியாது என்பது ஆறுதல். ஆனாலும் ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சார் விடவில்லை. "அப்ப அந்த நெதர்லாந்துக்காரன் மேல போலீஸ்ல எழுதிக் குடுக்க முடியாதா?" சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி அனுமதியில்லாமல், மோசடி நோக்கத்தோடு ஒருவர் கணினிக்குள் நுழைந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நுழையவில்லையே. அதோடு, அந்த முகவரிக்குப் பின்னால் இருப்பவர் நெதர்லாந்துக்காரர்தானா என்பதே சந்தேகம். மலிவு வாடகைக்குக் கணினி கிடைக்கும் நாடுகளின் பெயர்தான் அதிகம் வரும். வாடகைக்கு எடுத்தவர் எங்கே இருக்கிறாரோ. பல நேரம் தட்டுவது மனிதரே இல்லை. வேறொரு வீட்டின் கேமராப் பெட்டி.

2016ல் மிராய் என்றொரு நிரல் செய்தது அதைத்தான். கேமரா, டிவிஆர், ரவுட்டர் என்று தேடித் தேடி டெல்நெட் போர்ட்டைத் தட்டும். கதவு திறந்தால், தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். அறுபது போதுமா என்று கேட்காதீர்கள், லட்சக்கணக்கான கருவிகள் சிக்கின. சிக்கிய கருவி உடனே தானும் மற்றவர்களைத் தட்ட ஆரம்பித்துவிடும். அந்த வருடம் அக்டோபர் 21ல் இந்தக் கூட்டம், இணையதளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் மொத்தமாகப் பாய்ந்தபோது அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் திணறின. மிராயை எழுதிய மூவரும் அமெரிக்க இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆரம்பம் என்னவோ மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களுக்குள் நடந்த தொழில் போட்டி. இடியில் போகாமல் இருந்திருந்தால், சாரின் டிவிஆரும் இந்நேரம் பிரேசிலில் யாரோ ஒரு வாத்தியார் கணினியைத் தட்டிக்கொண்டிருக்கலாம். அவரும் 'எனக்கு இந்தியாவில் யாருமே இல்லையே' என்று புலம்பிக்கொண்டிருப்பார்.

நம் நாட்டிலும் நடந்தது. 2017 ஜூலை கடைசியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடங்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. மாற்றாத பாஸ்வேர்டோடு இருந்த மோடங்களைத்தான் ஒரு நிரல் பிடித்தது. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பிரிக்கர்பாட் என்ற நிரலை எழுதியவர் அது தன் கைவரிசை என்று உரிமை கொண்டாடினார். பாதுகாப்பில்லாத கருவிகளை மிராய் பிடிப்பதற்கு முன் தானே செயலிழக்க வைப்பது அவருடைய கொள்கையாம். இப்படியும் ஒரு சமூக சேவை!

புதுக்கோட்டையில் கணினித் தமிழ்ச் சங்கத்தார் 2015 அக்டோபர் 11ல் வலைப்பதிவர் திருவிழாவையே நடத்தினார்கள். கணினியில் தமிழ் எழுத, வலைப்பூ தொடங்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஊர் இது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பற்றி மட்டும் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்கும் ஒரு முகாம் போட்டால் கூட்டம் வருமா என்று தெரியவில்லை, நான் வருவேன்.

உள்ளே வரும் தட்டலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். எனக்கு உண்மையில் பயம் தருவது வெளியே போகும் இணைப்பு. கணினிக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட நிரல் தன் முதலாளிக்குத் தகவல் அனுப்பும்போது விண்டோஸ் ஃபயர்வால் பொதுவாக ஒன்றும் சொல்லாது. வெளியே போவதை அனுமதிப்பதுதான் அதன் இயல்பான அமைப்பு. கூடங்குளம் அணுமின் நிலைய விவகாரம் ஞாபகம் இருக்கும். 2019 செப்டம்பர் 4ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அக்டோபர் 30ல் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒருவரின் கணினியில் தீநிரல் இருந்தது, அணு உலை இயக்க வலையமைப்பு தனி, அது பாதிக்கப்படவில்லை. டிடிராக் என்ற அந்த நிரலின் வேலை சத்தமில்லாமல் தகவல் திரட்டுவது. சிவப்புப் பெட்டி காட்டிக்கொண்டு வருவதில்லை. ஆகவே, கேள்விப்படாத ஒரு மென்பொருள் வெளியே போக அனுமதி கேட்கிறது என்று ஆன்டிவைரஸ் சொன்னால், அந்தப் பெட்டியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். செர்ட்-இன்னின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது, இப்படிப்பட்ட நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. அதைப் பற்றிச் செல்போன் கம்பெனியிலிருந்து அவ்வப்போது குறுஞ்செய்தியும் வரும். செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாமல் முகவரியை நீங்களே அடித்துப் போங்கள்.

அனுமதி கேட்கும் அந்தப் பெட்டியின் உடன்பிறப்பு, விண்டோஸ் கேட்கும் இன்னொரு பெட்டி: இந்த மென்பொருளின் சில வசதிகளைத் தடுத்திருக்கிறேன், அலவ் ஆக்சஸ் கொடுக்கவா? முக்கால்வாசிப் பேர் பெட்டி மறைந்தால் போதும் என்று அலவ் அழுத்திவிடுகிறார்கள். ஒருமுறை அழுத்தினால் அந்த விதி நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். நீங்களே அப்போதுதான் நிறுவிய மென்பொருள் என்றால் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும், அதாவது பிரைவேட் என்ற கட்டத்துக்கு மட்டும், டிக் போடுங்கள். பப்ளிக் என்பது லாட்ஜ் வைஃபைக்கும் ரயில் நிலைய வைஃபைக்கும்.

கடைசியாக, ஃபயர்வாலே அனுப்பாத ஃபயர்வால் எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு தளத்தில் தவறுதலாகக் கை பட்டதும் திரை முழுக்க நீலமோ சிவப்போ பரவும், ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் உங்கள் கணினி பூட்டப்பட்டது என்று அலறும், நடுவில் மைக்ரோசாஃப்ட் சின்னமும் ஒரு போன் எண்ணும் இருக்கும். அது வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்தால் முழுத்திரையிலிருந்து வெளியே வரும்; வராவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த மோசடியை நடத்தும் கால் சென்டர்களில் பல நம் நாட்டிலேயே இருந்தன. 2023 அக்டோபரில் சிபிஐ ஆபரேஷன் சக்ரா-2 என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை போட்டபோது இந்த வகை வழக்குகளும் அதில் இருந்தன, மைக்ரோசாஃப்டும் அமேசானும் புகார் கொடுத்திருந்தன. எந்த உண்மையான ஃபயர்வாலும் போன் எண் தராது. அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பேசி, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் என்ற தொலை இயக்க மென்பொருளைப் போட்டு, பணமும் போயிருந்தால், முதலில் நெட்டைத் துண்டித்துவிட்டு 1930க்கு அடியுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, அதனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எழுத்துப் புகாரை தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் போடலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். போகும்போது வங்கிக் குறுஞ்செய்திகளை அழிக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.